துணிப் பையா, தொட்டியா? மாடித் தோட்டம் போடுவோருக்கு ஒரு பாடம்





ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான ஹதீஸ் இது. இந்த நன்மையைத் தேடிக்கொள்ளத் தோப்பும் வயலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தாலும் போதும். அதில் நாமும் பறிக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

ஆனால் ஆசையோடு பத்துப் பைகளை வாங்கி வைத்து, மாசி, பங்குனி வரை செடிகள் நன்றாக வளர்ந்து, சித்திரை வெயிலில் எல்லாம் கருகிப்போன மாடிகளை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம். பணமும் போயிற்று, மூன்று மாதம் ஊற்றிய தண்ணீரும் போயிற்று. பெரும்பாலும் இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. தங்கள் வீட்டுத் தண்ணீருக்கும் நேரத்திற்கும் பொருந்தாத பையில் செடியை நட்டதுதான். எனவே துணிப் பை, பிளாஸ்டிக் தொட்டி இரண்டில் எதை எப்போது வாங்குவது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

கடையில் போய் ‘குரோ பேக்’ என்று கேட்டால் இரண்டு வேறு பொருள்களைக் காட்டுவார்கள்.

ஒன்று, தார்ப்பாய் போல வழவழப்பாக இருக்கும் பை. வெள்ளை, பச்சை, ஆரஞ்சு நிறங்களில் வரும். அடியிலும் பக்கத்திலும் சில ஓட்டைகள் மட்டும் இருக்கும். இது எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக். வடிவம் பையாக இருந்தாலும் குணத்தில் இது தொட்டிதான். இதன் சுவர் வழியே காற்றும் போகாது, தண்ணீரும் போகாது.

மற்றொன்று, தடித்த கம்பளி போலக் கைக்குத் தெரியும் துணிப் பை. ‘ஜியோ ஃபேப்ரிக்’ என்று சொல்வார்கள். முன்பு ஜவுளிக் கடைகளில் கொடுத்துவந்த நெய்யாத பையின் இனம்தான் இது. ஆனால் பல மடங்கு தடிப்பானது. துணி என்று பெயரே தவிர இது பருத்தி அல்ல. பிளாஸ்டிக் இழைகளை அழுத்திச் செய்தது. அதனால் எளிதில் மக்கிப் போகாது. இதன் சுவர் முழுவதும் காற்றும் ஈரமும் புகும்.

வாங்கும்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பையின் பக்கச் சுவரில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வந்தால் அது துணிப் பை. வராவிட்டால் அதைத் தொட்டிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி இந்தப் பாடத்தில் ‘தொட்டி’ என்று சொல்லும் இடங்களில் பிளாஸ்டிக் தொட்டி, பெயிண்ட் வாளி, தார்ப்பாய்ப் பை மூன்றும் அடக்கம்.

வேர் என்ன செய்கிறது?

தொட்டியில் வளரும் செடியின் வேர் பக்கவாட்டில் போய்ச் சுவரை முட்டும். அதற்கு மேல் வழியில்லாததால் சுவரை ஒட்டியே வளைந்து சுற்றத் தொடங்கும். சில மாதங்கள் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், மண்ணைச் சுற்றிக் கயிறு சுற்றியது போல வேர்கள் கிடக்கும். நடுவில் உள்ள மண்ணில் வேர் குறைவாக இருக்கும். நாம் போட்ட எருவில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும்.

துணிப் பையில் வேரின் நுனி துணியை எட்டும்போது அங்கே உலர்ந்த காற்றைச் சந்திக்கிறது. நுனி காய்ந்து நின்றுவிடும். நுனி நின்றதும் அதற்குப் பின்னால் பல பக்க வேர்கள் கிளைக்கும். செடியின் தலையைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வருகின்றன அல்லவா, அதே முறைதான். இப்படியே திரும்பத் திரும்ப நடந்து, பை முழுவதும் மெல்லிய வேர்கள் பரவிவிடும். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுபவை இந்த மெல்லிய வேர்கள்தாம்.

மூன்று மாதத்தில் காய்த்து முடியும் வெண்டைக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய கறிவேப்பிலை, எலுமிச்சை, மருதாணி, முருங்கை போன்றவற்றுக்கு இது மிக முக்கியம். திருமணங்களிலும் மதரஸா நிகழ்ச்சிகளிலும் இப்போது மரக்கன்றுகளை அன்பளிப்பாகக் கொடுக்கிறோம். கறுப்புக் கவரில் நெடுநாள் இருந்த கன்றில் வேர் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால், மரம் பருத்த பிறகு அந்தச் சுருள் வேரே அடித்தண்டை நெரித்துவிடக் கூடும். ஆகவே கன்றை நடும் முன் கவரைக் கிழித்து வேரைப் பாருங்கள். வெளிப்புறம் சுற்றியுள்ள வேர்களைக் கத்தியால் நாலு பக்கமும் லேசாகக் கீறிவிட்டு நடுங்கள். நடுவதற்கு இடம் கிடைக்கும் வரை கன்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் அதைத் துணிப் பைக்கு மாற்றிவைப்பது நல்லது.

தண்ணீர்க் கணக்கு

வேருக்கு இவ்வளவு நன்மை இருந்தும் துணிப் பையில் செடிகள் ஏன் கருகுகின்றன? வேருக்குக் காற்றுத் தரும் அதே சுவர் வழியாகத்தான் ஈரமும் வெளியேறுகிறது.

12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள ஒரு பையை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கச் சுவரின் பரப்பு, மேல் வாயின் பரப்பைப் போல் சரியாக நான்கு மடங்கு. தொட்டியில் மண்ணின் ஈரம் மேல் வாய் வழியாக மட்டுமே ஆவியாகும். துணிப் பையில் வாயோடு சேர்த்து அதைப்போல் நான்கு மடங்குச் சுவரும் காற்றுக்குத் திறந்திருக்கிறது. கடற்காற்று வீசும் மாடியில் அது எவ்வளவு விரைவில் காயும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பை சிறியதாக இருந்தால் இன்னும் விரைவில் காயும். 6 அங்குலப் பையில் ஒரு லிட்டர் மண்ணுக்கு உள்ள துணிப் பரப்பு, 12 அங்குலப் பையில் உள்ளதைப் போல் இரு மடங்கு. ஆகவே துணிப் பை வாங்குவதென்றால் 12 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். சிறிய செடிகளுக்குத் தொட்டியே போதும்.

நன்றாகக் காய்க்கும் ஒரு தக்காளிச் செடி, 12 அங்குலப் பையில், கோடையில் நாளொன்றுக்கு 2 லிட்டர் தண்ணீர் கேட்கும். பத்துப் பைக்கு 20 லிட்டர், அதாவது ஒன்றரைக் குடம். மாடியில் குழாய் இல்லாத வீட்டில் இதைத் தினமும் படியேறிச் சுமக்க வேண்டும். யார் சுமப்பது? வீட்டு ஆண்கள் சபரில் இருக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். கடைசியில் முழங்கால் வலியோடு இருக்கும் உம்மாதான் ஏறுகிறார். நோன்பு மாதம் கோடையில் வந்தால் இன்னும் சிரமம். பை வாங்குவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இது. தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு என்றால் துணிப் பை வாங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முடியும் என்றால் தொட்டி வாங்குங்கள்.

உளூச் செய்த தண்ணீர்

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’து அளவு தண்ணீரில் உளூச் செய்திருக்கிறார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஒரு முத்து என்பது சராசரி மனிதர் இரு கைகளாலும் சேர்த்து அள்ளும் அளவு. நாமோ குழாயை முழுதாகத் திறந்துவிட்டு உளூச் செய்கிறோம்.

வீட்டில் ஒரு குவளையும் கீழே ஓர் அகன்ற பாத்திரமும் வைத்து, ஆளுக்கு ஒரு லிட்டரில் உளூச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்து பேர், ஐந்து வேளை என்றால் 25 லிட்டர். மேலே சொன்ன பத்துப் பைகளுக்கு வேண்டிய தண்ணீர் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆண்கள் பள்ளிவாசலில் உளூச் செய்வதால் வீட்டில் சேர்வது இதில் பாதிதான் என்றாலும் ஐந்தாறு பைகளுக்குக் காணும். உளூச் செய்த தண்ணீரைக் கொண்டு மறுபடியும் உளூச் செய்ய முடியாதே தவிர, அது சுத்தமான தண்ணீர்தான். ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் இதுவே தீர்ப்பு. சோப்பும் அதில் கலப்பதில்லை. செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். கீரை இலைகளின் மேல் படாமல் மண்ணில் ஊற்றினால் போதும்.

அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரும் நல்லதே. மீன், இறைச்சி கழுவிய தண்ணீரைத் துணிப் பைக்கு ஊற்ற வேண்டாம். துணியில் ஊறி நாற்றமடிக்கும், ஈ மொய்க்கும், பூனை வந்து கிளறும்.

உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில்

கடற்கரை ஊர்களில் பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிவிடும். துணிப் பையில் ஆவியாவது அதிகம் என்பதால் உப்புச் சேர்வதும் அதிகம். பையின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பது இந்த உப்புதான். இலைகளின் ஓரம் பழுப்பாகிக் காய்வது இதன் அடையாளம்.

இப்படிப்பட்ட வீடுகளில் காய்கறிக்குத் தொட்டியே பாதுகாப்பானது. துணிப் பைதான் வேண்டும் என்றால், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் வழிந்தோடும் வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை இந்த வேலையைத் தானே செய்துவிடும். ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். கழிவறைக்கும் தரை கழுவுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில், மழை, கொசு

கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி நேர் வெயிலில் நின்றால் சுவரை ஒட்டிய மண் கடுமையாகச் சூடேறி அந்தப் பக்கத்து வேர்கள் வெந்துவிடும். துணிப் பையில் ஈரம் ஆவியாவதால், மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, மண் குளிர்ந்திருக்கும். ஆனால் ஈரம் இருக்கும் வரைதான் இந்தக் குளிர்ச்சி. தொட்டி வைப்பவர்கள் வெளிர் நிறத்தில் வாங்குவதும், கறுப்பாக இருந்தால் சுண்ணாம்பு அடித்துவிடுவதும் பலன் தரும்.

அடைமழையில் துணிப் பைக்கே முதலிடம். உபரி நீர் எல்லாப் பக்கமும் கசிந்து போய்விடும். தொட்டியின் ஓட்டை அடைத்துக்கொண்டால் வேர் அழுகிவிடும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு தொட்டியின் ஓட்டையையும் குச்சியால் குத்திப் பாருங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் கவனம் தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தேங்கிய தண்ணீரில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். எனவே தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் வாரம் இருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் ஒருமுறை, திங்கட்கிழமை ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

மாடியின் பாரமும் தூய்மையும்

12 அங்குலப் பையில் 10 அங்குல உயரத்துக்கு நிரப்பினால் 18 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். தேங்காய் நார்த்தூள் கலந்த இலகுவான கலவை என்றால், நனைந்த நிலையில் ஏறத்தாழ 20 கிலோ. வெறும் மண் என்றால் 30 கிலோவைத் தாண்டும். நம் நாட்டுக் கட்டட விதிகள், ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டையான மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ பாரத்தைக் கணக்கிடச் சொல்கின்றன. ஒரு சதுர மீட்டரில் பத்துப் பைகளை நெருக்கி வைத்தால் இலகுவான கலவையே 200 கிலோ ஆகிவிடும். எனவே பைகளை நடு மாடியில் கூட்டமாக வைக்காமல், சுவர்கள் வரும் ஓரங்களில் இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். மரக்கட்டை போட்டு மேலே செங்கல் பாவிய பழைய வீடாக இருந்தால், பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகே எதையும் ஏற்றுங்கள்.

துணிப் பையைத் தளத்தில் நேராக வைத்தால் அடியில் எப்போதும் ஈரம் நிற்கும். நாளடைவில் தளம் பாழாகும். இரண்டு செங்கல்லின் மேலோ இரும்பு நிலையிலோ தூக்கி வையுங்கள். துணிப் பையிலிருந்து எரு கலந்த பழுப்பு நீர் கசியும். ரமலான் இரவுகளில் மாடியில் பாய் விரித்துத் தொழும் வீடுகளும் துணி காயப்போடும் வீடுகளும் அந்த இடத்திலிருந்து பைகளைத் தள்ளி, தண்ணீர் வாட்டம் வேறு பக்கம் போகும்படி வைக்க வேண்டும். இதில் ஐயம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எந்தச் செடிக்கு எது?

புதினா, கொத்தமல்லி, ரம்பை: மூன்றும் ஈரத்தை விரும்புபவை. புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் அகன்ற, ஆழம் குறைந்த தொட்டி வையுங்கள். ரம்பைக்குச் சற்று ஆழமான தொட்டி, அரை நிழல்.

கீரை வகைகள்: 6 முதல் 8 அங்குல ஆழமுள்ள அகன்ற தொட்டி போதும். துணிப் பை தேவையில்லை.

தக்காளி, கத்தரி, மிளகாய்: தினமும் தண்ணீர் உண்டென்றால் 12 அங்குலத் துணிப் பை. தக்காளிக்கு ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் வெள்ளம் என்று ஆனால் காயின் அடி கறுத்து அழுகும். ஒழுங்காக ஊற்ற முடியாதவர்களுக்குத் தொட்டியே நல்லது.

வெண்டை, அவரை: எதிலும் வரும். கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, மருதாணி, மல்லிகை: துணிப் பை. 15 அங்குலத்தில் தொடங்கி, எலுமிச்சைக்கு 18 அல்லது 24 அங்குலத்துக்கு மாற்றுங்கள்.

கைச்செலவு கூடாது என்பவர்களுக்கு ஒரு வழி: வலீமா விருந்துக்கு வாங்கிய பிரியாணி அரிசிப் பைகள் வீட்டுக்கு வீடு கிடக்கும். அவற்றின் வாயை மடித்து, அடியில் நாலு ஓட்டை போட்டு நடலாம். ஆனால் வெயிலில் அந்த இழைகள் சில மாதங்களில் நைந்து தூளாக உதிரும். ஆகவே ஒரு பருவப் பயிருக்கு மட்டும் பயன்படுத்தி, உதிரத் தொடங்கும் முன் எடுத்துவிடுங்கள். மரவகைச் செடிகளை இதில் நட வேண்டாம்.

நடும் முறை

செம்மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய எரு அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலக்குங்கள். கட்டியாக வரும் நார்த்தூளை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அதிலும் உப்பு இருக்கும். பையின் மேல் விளிம்பில் 2 அங்குலம் காலியாக விடுங்கள்.

முற்றிலும் காய்ந்த நார்த்தூள் தண்ணீரை உடனே ஏற்காது. ஊற்றியது ஓரமாக ஓடிப் பக்கவாட்டில் கசிந்துவிடும். ‘இரண்டு குடம் ஊற்றியும் செடி வாடுகிறது’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். முதலில் அரைக் குவளை ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். கலவை இளகியதும் மீதியை ஊற்றுங்கள். ஃபஜ்ருத் தொழுகை முடிந்த நேரம் இதற்கு மிகப் பொருத்தம். ஊற்றும் முன் மண்ணில் 2 அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம்.

மண்ணின் மேல் காய்ந்த இலை அல்லது தேங்காய்ப் பஞ்சைப் பரப்புங்கள். துணிப் பைகளைப் பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு இடையே வைத்தால், பக்கச் சுவரில் வெயிலும் காற்றும் நேராகப் படாமல் ஈரம் நிற்கும்.

தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத்துக்கான பொருள்களை மானிய விலையில் வழங்கி வந்திருக்கிறது. இப்போது கிடைக்கிறதா என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

பிள்ளைகளுக்கு விடுமுறையில் இந்தப் பயிற்சியைக் கொடுங்கள். ஒரே வயதுள்ள இரண்டு மிளகாய் நாற்றுகள், ஒரே அளவுள்ள ஒரு துணிப் பை, ஒரு தொட்டி, ஒரே கலவை. மண் காய்ந்தால் மட்டுமே தண்ணீர். எதற்கு எத்தனை குவளை ஊற்றினோம், எத்தனை காய் பறித்தோம் என்பதை நோட்டில் எழுதிவர வேண்டும். பருவம் முடிந்ததும் இரண்டையும் கவிழ்த்து வேரைப் பார்க்கட்டும். உங்கள் வீட்டு வெயிலுக்கும் தண்ணீருக்கும் எது ஏற்றது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

பாடத்தின் சுருக்கம் இவ்வளவுதான். துணிப் பை வேருக்கு நல்லது. அதற்கு ஈடாகத் தினமும் தண்ணீர் கேட்கும். தொட்டி வேரைச் சுருட்டும். ஆனால் ஈரத்தைக் காத்துவைக்கும். பத்துப் பைகளை வாங்கி எட்டைக் காயவிடுவதைவிட, இரண்டை வாங்கி இரண்டையும் காப்பாற்றுவது மேல். செடியும் நம் பொறுப்பில் விடப்பட்ட ஓர் அமானிதமே.

நாம் நடுவதிலும் பிறருக்குக் கொடுப்பதிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.